ரஞ்சன்குடிக் கோட்டையும் வி.களத்தூர் வீதியும்

பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய ரஸ்தாவில் வடக்கே சில மைல் தூரம் சென்றால், பாறைக் குன்றொன்றின்மீது பழைய கோட்டை ஒன்று தென்படும். ரஞ்சன்குடிக் கோட்டை என்று அதற்குப் பெயர். ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்து செல்லும் மூன்று மதில்களும், அரைவட்ட வடிவமான கொத்தளங்களும் கொண்டது அது. பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கீழ்ப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் அதைக் கட்டினார் என்பர். இப்போது புதைபொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருந்து வருகிறது. பீரங்கி முழங்கிய இடத்தில் இன்று ஆடு மாடு மேய்கிறது. மோட்டாரில் விரைந்து செல்வோரில் நூற்றுக்கு ஒருவர் கூட இறங்கிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

அதே பெரம்பலூர் ஜில்லாவில் வி.களத்தூர் என்றொரு ஊர் இருக்கிறது. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழும் ஊர் அது. சில வருஷங்களுக்கு முன் அவ்வூர் வீதிகளைப் பற்றிய வழக்கு ஒன்று சென்னை ஹைகோர்ட்டு வரை சென்றது.

கோட்டை போர்வீரர்களுடையது; வீதி குடிஜனங்களுடையது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து ஆலோசித்தால், நம் தேசத்தில் பல மதத்தினர் சிநேக பாவத்துடன் வாழ்வது எங்ஙனம் என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும் என்பது நமது அபிப்பிராயம். மத ஒற்றுமை என்பது மேடைப் பேச்சு, நடைமுறையில் அது சாத்தியமன்று என்று சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்குத் தர்மோபதேசத்தைக் காட்டிலும் சரித்திரமே தக்க பதில்.

1751-ல் நடந்தது என்ன?

1751-ம் வருஷத்தில் ரஞ்சன்குடியை அடுத்த வாலிகண்டபுரத்தில் ஒரு சண்டை நடந்தது. அக்காலத்து ஆங்கிலேயர் அதை 'வால்கொண்டா' சண்டை என்று எழுதி வைத்தார்கள். ஆற்காட்டு நவாபு பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரரின் துணையோடு திருச்சிராப்பள்ளியை நோக்கி வந்துகொண்டிருந்தார். திருச்சிக் கோட்டையில் இருந்த முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. காப்டன் ஜின்ஜென்ஸ் என்பவரின் தலைமையில் ஓர் ஆங்கிலப் படையும், முகம்மது அலியின் சகோதரர் அப்துல் வஹாப் கானின் குதிரைப் படையும் வாலிகண்டபுரத்தருகே வந்து வழி மறித்தன. கோட்டையின் கில்லேதார் மகா சாமர்த்தியசாலி. எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று தெரியாததால், இரு தரப்பாரிடமும் பேரம் பேசிக்கொண்டே கதவைத் திறக்காமல் காலங் கடத்தினார். முடிவில் சண்டை மூண்டபோது ஆங்கிலத் துருப்புகள் பீதியடைந்து பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குத் திரும்பின. மறு வருஷம் நிலைமை தலைகீழாயிற்று. 1752 ஜூனில் அதே வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் கிளைவிடம் சரணடைந்தார்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தா சாஹிபும் முஸ்லிம். முகம்மது அலியும் முஸ்லிம். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தவர், ஆங்கிலேயரும் கிறிஸ்தவரே. முகம்மது அலிக்கு உதவியாகப் பின்னர் வந்து சேர்ந்தவர் யார்? மைசூர் நஞ்சராஜர், மராட்டிய முராரி ராவ், தஞ்சாவூர்த் தளபதி மானோஜி, புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆகிய ஹிந்துக்கள். இரு பட்டாளங்களிலும் எல்லா மதத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஹிந்துவை ஹிந்து வெட்டினான். முஸ்லிமை முஸ்லிம் சுட்டான். பக்கத்தில் நின்று ஒருவனை ஒருவன் காப்பாற்றியவர்களோ வெவ்வேறு மதத்தினர். நமது நாட்டுச் சரித்திரம் முழுவதையும் ஹிந்து முஸ்லிம் யுத்தம் என்று ஒரே சூத்திரத்தில் அடக்கப் பார்ப்பவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு ஒருமுறை வந்து போவது நல்லது. இங்கே நடந்த யுத்தம் மதத்துக்காக நடந்ததன்று. அதிகாரத்துக்காகவும் வரிப்பணத்துக்காகவும் நடந்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் கடல் கடந்து வந்த வியாபாரிகள். கஷ்டத்தை அனுபவித்தவர்கள் எல்லா மதங்களையும் சேர்ந்த நம் குடியானவர்கள்.

அந்த யுத்தத்தின் முடிவில் ஸ்ரீரங்கத்தில் நடந்ததாக ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலச் சரித்திராசிரியர் ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். சந்தா சாஹிபின் படையும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம், ஜம்புகேசுவரம் ஆகிய ஆலயங்களின் மதில்களுக்குள் பாசறை போட்டிருந்தன. 1752-ல் அவை சரணடைய, ஆங்கிலேயர் கோயிலைக் கைப்பற்ற வந்தனர். சந்தா சாஹிபின் சேவையில் இருந்த ராஜபுத்திர வீரர்கள் சுமார் ஆயிரம் பேர் அப்போது உட்பிராகாரத்தில் இருந்தார்கள். மற்றவர் எல்லாரும் ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகும், உள் மதிலைத் தாண்டி எவரேனும் வந்தால் வெட்டி வீழ்த்துவோம் என்று அவர்கள் நின்றார்கள். அந்தத் துணிவைக் கண்டு மதித்த ஆங்கிலேயர், அதற்கு இடமே கொடுப்பதில்லை என்று வாக்களித்து விலகினர். ஒரு முஸ்லிம் தலைவரின் சம்பளத்தை வாங்கி உண்மையாக உழைத்த ராஜபுத்திரர், ரங்கநாதர் சந்நிதியின் புனிதத்தையும் காத்தனர். எஜமான விசுவாசமும் தெய்வ பக்தியும் ஒன்றுக்கொன்று முரண்படும் என்று அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. சந்தா சாஹிபோ, தம்மைப் பத்திரமாக அனுப்பி வைப்பதாக வாக்களித்த மானோஜியிடம் சரண் புகுந்து, சில தினங்களில் கொலையுண்டார். அங்கேயும் குற்றம் மதத்தினுடையதன்று; வாக்குத் தவறிய மனிதருடையது.

ஏலாக்குறிச்சி சொல்லும் செய்தி

பட்டாளத்துக் கதை இவ்விதம் இருக்க, அந்தக் கலகக் காலத்துக்குச் சற்று முன்னர் குடிஜனங்களின் வாழ்வு எப்படி இருந்தது என்று பார்ப்போம். அதற்கு அரியலூர்ப் பக்கம் போகவேண்டும். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி என்றொரு கிராமம் உண்டு. திருக்காவலூர் என்பது அதன் இலக்கியப் பெயர். இத்தாலி தேசத்திலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்ற பாதிரியார் அங்கே தங்கி அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். தமிழ் மக்கள் வீரமாமுனிவர் என்று போற்றுவது இவரைத்தான். 'தேம்பாவணி' என்னும் பெருங்காவியத்தையும் 'சதுரகராதி'யையும் தமிழுக்கு அளித்தவர் இவர். திருக்காவலூர்த் தலத்தின்மீது கலம்பகமும் பாடியவர். 1747-ல் அவர் காலஞ் சென்றார்.

அக்காலத்தில் அந்தச் சீமை அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயரின் ஆட்சியில் இருந்தது. மழவராயர்கள் ஹிந்துக்கள். அந்நிய தேசத்திலிருந்து வந்த ஓர் அந்நிய மதத் துறவி தமது எல்லையில் கோயில் கட்டுவதை அவர்கள் தடுக்கவில்லை; நிலம் கொடுத்து ஆதரித்தார்கள் என்பது அவ்வூரின் பாரம்பரியம். வந்த துறவியோ காவி உடுத்தார், சைவ உணவு உண்டார், பண்டிதர்களிடம் தமிழ் பயின்றார். திருச்சியில் சந்தா சாஹிபையும் கண்டு அவரது மரியாதையைப் பெற்றார் என்பர். இன்றும் ஏலாக்குறிச்சிக்கு வரும் யாத்திரீகர் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர்.

இடம் கொடுத்தவருக்கு வந்தவரின் மதத்தில் நம்பிக்கை இருந்ததா? இல்லை. வந்தவர் தமது மதமே மெய்யென்று வாதிடாமல் இருந்தாரா? அதுவும் இல்லை, வீரமாமுனிவர் சமய வாதத்தில் சளைத்தவர் அல்லர். ஆகவே, சகிப்புத்தன்மை என்பது எல்லாரும் ஒரே அபிப்பிராயம் கொள்வதன்று. அபிப்பிராய பேதம் இருக்கும்போதே அண்டை அயலார் என்ற முறையில் நடந்துகொள்வதுதான் அது.

பிரித்து வைத்தவர்களும் சேர்த்து வைத்தவர்களும்

கம்பெனி ஆட்சி வேரூன்றிய பிறகு பட்டாளத்தின் அமைப்பு மாறியது. 1857-ம் வருஷத்துப் புரட்சியில் ஹிந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் தோளோடு தோள் நின்று போராடியதைக் கண்ட ஆங்கிலேயர், அதன் பின்னர் ஜாதி வாரியாகவும் மத வாரியாகவும் படைப் பிரிவுகளை வகுப்பதில் அதிக ஜாக்கிரதை காட்டினர். தனிப் பிரிவு, தனிச் சமையல், தனிப் பந்தி என்ற ஏற்பாடுகள் நிலைபெற்றன. சிப்பாய்கள் ஒன்றாக மடியலாம். ஒன்றாக உண்ணலாகாது என்பதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு.

இதை உடைத்தெறிந்தது நேதாஜியின் ஆஸாத் ஹிந்த் ராணுவம். அதில் சேர்ந்தவர்கள் இருவகையினர். ஜப்பானியரிடம் கைதியான சிப்பாய்கள் ஒரு சாரார். மலாய் நாட்டில் ரப்பர்த் தோட்டங்களில் பாடுபட்டுக்கொண்டிருந்த குடிஜனங்கள் மற்றொரு சாரார். பின்னவரில் மிகப் பலர் தமிழர்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களே அந்த ராணுவத்தின் விருது வாக்கியம். எல்லா மதத்தினரும் எல்லா ஜாதியினரும் ஒரே சமையலறையில் ஆக்கிய உணவை உண்டார்கள்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஒரு சம்பவம் தமிழர்கள் மறக்கத் தகாதது. அங்குள்ள செட்டியார் கோயிலின் நிர்வாகிகள் விஜயதசமி உற்சவத்துக்கு நேதாஜியை அழைத்தனர். எல்லா ஜாதியினரும் எல்லா மதத்தினரும் வரக்கூடிய கோயிலாயின் வருகிறேன், இல்லையேல் இல்லை என்றார் அவர். நிர்வாகிகள் இசைந்தார்கள். ஆபித் ஹஸன், முகம்மது ஸமான் கியானி ஆகிய முஸ்லிம் அதிகாரிகளை உடன் அழைத்துக்கொண்டு அவர் கோயிலுக்குள் பிரவேசித்தார். கோயிலின் மகிமை அதனால் குறைந்ததா? இல்லை. சுதந்திரப் போருக்குக் கைகொடுத்த கோயில் என்ற புகழ் அல்லவா அதற்கு ஏற்பட்டது! 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணையில் முதன்முதலாக ஒன்றாக நிறுத்தப்பட்ட மூவரும் யார்? ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் ஹிந்து, ஒருவர் சீக்கியர். பிரித்து வைத்தே ஆண்டவர்கள், தங்களை அறியாமலே இந்திய ஒற்றுமையைக் கூண்டிலேற்றி உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள்.

சுதந்திர இந்தியாவின் சேனை அந்த வழியை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 1948 ஜூலை 3-ந் தேதி காஷ்மீரத்தில் ஜாங்கர் என்னும் இடத்தில் உயிர் நீத்த பிரிகேடியர் முகம்மது உஸ்மானின் நினைவே போதும். பல மதத்தினர் கலந்துள்ள படைப் பிரிவுகளில் 'ஸர்வ தர்ம ஸ்தலம்' என்ற ஒரே கூரையின்கீழ் எல்லா மதங்களின் வழிபாடும் நடைபெறும் வழக்கம் உண்டு. பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் ஆகியோர் ராணுவத்தின் அதிகாரம் பெற்ற சமய ஆசிரியர்களாக நியமிக்கப்படுகின்றனர். ஒருவருடைய பண்டிகையில் மற்றவர் கலந்துகொள்வது அங்கே விசேஷச் செய்தியன்று, தினசரி வாழ்க்கை. பனிமலையில் காவல் காப்பவன் தன் பக்கத்திலிருப்பவன் எந்தத் திசையை நோக்கித் தொழுகிறான் என்று கேட்பதில்லை. எந்தத் திசையிலிருந்து குண்டு வருகிறதென்று தன்னிடம் சொல்வானா என்றே கேட்கிறான்.

அரியலூர் அழுத நாள்

இவ்வளவும் பழங்கதை என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காகச் சமீப காலத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அரியலூர் ஜில்லாவைக் கண்ணீர் சிந்த வைத்த சம்பவம்.

2019 பிப்ரவரி 14-ந் தேதி ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குச் செல்லும் ராஜபாட்டையில் புல்வாமா ஜில்லாவில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரை ஏற்றிச் சென்ற வாகன வரிசையின்மீது வெடிமருந்து நிறைந்த மோட்டார் ஒன்று மோதி வெடித்தது. 40 வீரர்கள் மாண்டனர். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் இருவர். ஒருவர் தூத்துக்குடி ஜில்லாக்காரர். மற்றவர் அரியலூர் ஜில்லாவின் ஒரு கிராமத்து மைந்தர். மூவர்ணக் கொடி போர்த்திய அந்தப் பெட்டி ஊர் வந்து சேர்ந்த நாளில் அந்தச் சீமையே துயரத்தில் மூழ்கியது.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை 1939-ல் நீமுச்சில் ஆங்கிலேயரால் ஏற்படுத்தப்பட்டு, 1949-ல் சுதந்திர இந்தியாவின் சட்டத்தால் புதுப் பெயர் பெற்றது. சேனையைப் போன்றதன்று, உள்நாட்டு அமைதிக்கான ஆயுதப் போலீஸ் படை அது. ஆகையால் அதன் வீரர்கள் குடிஜனங்களுக்கு நடுவிலேயே நின்று பணியாற்ற வேண்டியவர்கள். அன்று மாண்ட 40 பேரில் ஹிந்துக்கள் இருந்தனர், சீக்கியர் இருந்தனர், ஜம்மு காஷ்மீரத்தின் ரஜௌரி ஜில்லாவைச் சேர்ந்த முஸ்லிம் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவரும் இருந்தார். வெடித்த மருந்து மதம் பார்க்கவில்லை. அரியலூர் வீட்டில் எழுந்த அழுகையும் ரஜௌரி வீட்டில் எழுந்த அழுகையும் ஒன்றே.

தாக்குதலை நடத்தியவன் ஒரு காஷ்மீரத்து வாலிபன். பாகிஸ்தானத்தில் தளம் அமைத்துக்கொண்ட ஒரு பயங்கரவாதக் கூட்டம் அதற்குப் பொறுப்பேற்றது. ஆனால் கோபாவேசத்தில் தேசத்தின் சில பகுதிகளில், அங்கே கல்வி பயிலவும் வியாபாரம் செய்யவும் வந்திருந்த காஷ்மீரத்து ஜனங்கள்மேல் சிலர் சீறினர். ஒரு பாவமும் அறியாத மாணவர்கள் அறைக்குள் அடைந்து கிடக்கும்படி ஆயிற்று. அவர்களைப் பாதுகாக்க வேண்டுமென்று பிப்ரவரி 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பல மாகாண சர்க்கார்களுக்கு உத்தரவிட நேர்ந்தது என்றால் நிலைமையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பஞ்சாபில் சீக்கிய அன்பர்கள் அம்மாணவர்கள் பலருக்கு இடம் கொடுத்து, உணவளித்து, ஊர் போய்ச் சேர உதவியதும் அந்த நாட்களில்தான்.

இப்போது நாம் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2017-ல் ஸ்ரீநகரில் குடிஜனங்களுக்காக ஓர் உதவி டெலிபோன் நிலையத்தை ஏற்படுத்தியிருந்தது. 'மதத்கார்' என்பது அதன் பெயர். உதவி செய்பவன் என்று பொருள். தங்கள் தோழர்கள் 40 பேரைப் பறிகொடுத்த இரண்டாவது நாள், பிப்ரவரி 16-ந் தேதி, அந்த நிலையத்திலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவந்தது. காஷ்மீரத்துக்கு வெளியே இருக்கும் காஷ்மீரத்து மாணவர்களும் ஜனங்களும் ஏதேனும் தொல்லைக்கு ஆளானால் எந்த நேரத்திலும் எங்களைக் கூப்பிடலாம், விரைவில் உதவி செய்வோம் என்பது அதன் சாரம். மாண்ட வீரர்களின் உடல்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பித் துவேஷத்தை மூட்டாதீர்கள் என்றும் அதே படை பொது ஜனங்களை எச்சரித்தது.

கோபப்படுவதற்கு அந்த வாரத்தில் இந்தியாவில் யாருக்காவது முதல் உரிமை இருந்ததென்றால் அது அந்தப் படைக்குத்தான். அடிபட்டவர்கள் அவர்கள், பிணத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். ஆனால் குற்றவாளி வேறு, குற்றவாளியின் ஊர்க்காரன் வேறு, அவனுடைய மதத்தைச் சேர்ந்தவன் வேறு என்ற விவேகத்தை அவர்கள் இழக்கவில்லை. வீட்டில் சுகமாக உட்கார்ந்திருந்தவர்கள் பழிக்குப் பழி என்று கூவியபோது, துப்பாக்கி ஏந்தியவன் உதவிக் கரம் நீட்டினான். வீரம் என்பதற்கு இதைவிடச் சிறந்த வியாக்கியானம் வேறென்ன இருக்கிறது? அரியலூர் மண்ணின் மகன் எந்தப் படையின் உடையை அணிந்து மாண்டாரோ, அந்தப் படை அவருக்குச் செய்த உத்தமமான அஞ்சலி அதுவே என்று நாம் கருதுகிறோம்.

வீதி யாருடையது?

பட்டாளத்தில் சாத்தியமாவது கிராமத்தில் ஏன் சாத்தியமாகக் கூடாது? இந்தக் கேள்வியுடன் வி.களத்தூருக்குத் திரும்புவோம்.

அவ்வூரில் முஸ்லிம்கள் அதிக எண்ணிக்கையில் வாழ்கின்றனர். ஹிந்துக்களின் கோயில் உற்சவம் மூன்று தினங்கள் நடைபெறுவதும், சுவாமி வீதிவலம் வருவதும் வழக்கம். 2011 வரையில் அது நடந்து வந்ததென்றும், அதன்பின் ஆட்சேபம் எழுந்ததென்றும் கோர்ட்டில் கூறப்பட்டது. தங்கள் ஜனங்களே பெரும்பான்மையாக வசிக்கும் பகுதியில் இந்த ஊர்வலங்கள் வரலாகாது என்பது ஆட்சேபித்தவர்களின் கட்சி. 2021-ல் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதிகளான என். கிருபாகரன், பி. வேல்முருகன் இருவரும் தீர்ப்பளித்தனர். தெருக்களும் சாலைகளும் ஒரு மதத்துக்குச் சொந்தமானவையல்ல. ஓரிடத்தில் ஒரு மதத்தினர் அதிகம் என்ற காரணத்துக்காக மற்ற மதத்தினரின் உற்சவத்தைத் தடுக்க முடியாது என்பது அவர்கள் கண்ட முடிவு. இந்தத் தடையை ஒப்புக்கொண்டால், தேசத்தின் பெரும் பகுதியில் சிறுபான்மையோர் ஒரு விழாவும் நடத்த முடியாமற் போகுமே என்றும் அவர்கள் சுட்டிக் காட்டினர்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் தீர்ப்பின் உயிர் இருக்கிறது. அதை ஹிந்துக்களுக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடுபவர் அதைப் படிக்கவில்லை. முஸ்லிம்களுக்கு நேர்ந்த தோல்வி என்று வருந்துபவரும் படிக்கவில்லை. வி.களத்தூரில் தேருக்குத் திறந்துவிடப்பட்ட வழி, ஆயிரம் ஹிந்து ஊர்களில் சந்தனக்கூட்டுக்கும், ஏலாக்குறிச்சியைப் போன்ற தலங்களில் மாதாவின் சப்பரத்துக்கும் திறந்துவிடப்பட்ட வழியே ஆகும். எண்ணிக்கையே நியாயம் என்ற வாதத்தை ஓர் ஊரில் ஏற்றவன் அடுத்த ஊரில் அதனாலேயே அடிபடுவான்.

இத்தகைய தகராறு பெரம்பலூருக்கு மட்டும் உரியதன்று. அண்டை ஜில்லாவான சேலத்தில் 1882-ல், ஊர்வலம் செல்லும் வழியில் மசூதி எழுப்பியதை ஒட்டிப் பெருங் கலகம் விளைந்தது. பின்னாளில் 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்த சேலம் விஜயராகவாச்சாரியாரையே அந்த வழக்கில் சிக்க வைத்தது அன்றைய சர்க்கார். ஹைகோர்ட்டில் அவர் விடுதலை பெற்றார். ஆனால் கலகத்தில் உயிர் இழந்தவர்களை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரவில்லை. இரு சாராரும் அடித்துக்கொண்டதில் லாபம் அடைந்தவர் யார் என்பதை நமது முன்னோர் மிகத் தாமதமாகவே உணர்ந்தனர்.

சட்டம் ஒரு வீதியைத் திறந்துவிடலாம். வீட்டுத் திண்ணைகளைத் திறந்துவிட அதனால் ஆகாது. போலீஸ் வரிசைகளுக்கு நடுவே தேர் நகர்ந்தால் அது உரிமை நிலைநாட்டிய தேர். இரு சாராரும் வழி விட்டு நகர்ந்தால்தான் அது ஊர்த் தேர். உரிமை உள்ளவர்கள் அதைக் காட்டுவதில் மரியாதை வேண்டும். தொழுகை வேளையில் மசூதியைத் தாண்டும்போது மேளத்தைச் சற்று நிறுத்துவதால் அம்மனுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. தன் வாசல் வழியே மற்றொருவனின் தெய்வம் செல்வதைப் பார்ப்பதால் எவருடைய ஈமானும் கெட்டுவிடாது. முதல் காரியத்தைச் சட்டத்தின் பலத்தால் வாங்கும்படி ஆகலாகாது. இரண்டாவதைச் சண்டைக்குக் காரணமாக்கலாகாது.

நமது யோசனை

பட்டாளத்தில் ஒற்றுமை உபதேசத்தால் ஏற்படவில்லை. ஒன்றாக உண்பது, ஒன்றாகக் காவல் நிற்பது, ஒரே கூரையின்கீழ் தொழுவது, ஒருவன் விழுந்தால் மற்றவன் தூக்குவது ஆகிய பழக்கங்களால் ஏற்பட்டது. கிராமத்திலும் பழக்கமே அதை உண்டாக்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் சேனையிலும் ஆயுதப் போலீஸிலும் சேவை செய்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் இருக்கின்றனர். உற்சவ காலத்தில் சமாதானக் கமிட்டி என்று கூட்டும்போது அதிகாரிகள் வழக்கமாகக் கட்சிப் பிரமுகர்களையும் ஜமாஅத் தலைவர்களையும் கோயில் தர்மகர்த்தாக்களையும் அழைக்கிறார்கள். அவர்கள் வரட்டும். ஆனால் முதல் ஆசனத்தை முன்னாள் வீரர்களுக்குக் கொடுப்பது உசிதம். வேறு மதத்தவனோடு ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் உண்டு, அவனுக்காக உயிரைப் பணயம் வைத்த அனுபவம் அவர்களுக்கே உண்டு. தேருக்கு முன்னால் ஒரு முஸ்லிம் முன்னாள் சிப்பாயும், சந்தனக்கூட்டுக்கு முன்னால் ஒரு ஹிந்து முன்னாள் சிப்பாயும் தங்கள் பதக்கங்களை அணிந்து நடந்து சென்றால், கல்லெடுக்க நினைப்பவன் கை தானே தாழும்.

இரண்டாவதாக, இவ்விரு ஜில்லாக்களின் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ரஞ்சன்குடிக்கும் ஏலாக்குறிச்சிக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். ஒன்றிலே யுத்தம் மதத்தால் விளைந்ததன்று என்பதையும், மற்றொன்றிலே சமாதானம் ஒரே மதத்தால் விளைவதன்று என்பதையும் அவர்கள் கண்ணால் காண்பார்கள். 1995-ல் பெரம்பலூர் பழைய திருச்சி ஜில்லாவிலிருந்தும், அதன்பின் அரியலூர் பெரம்பலூர் ஜில்லாவிலிருந்தும் பிரிந்து தனி ஜில்லாக்கள் ஆயின. எல்லைக் கோடுகள் மாறலாம். ஜனங்களின் உறவு அந்தக் கோடுகளைப் பார்த்து ஏற்பட்டதன்று.

மூன்றாவது யோசனை ஒவ்வொரு வாசகருக்கும் உரியது. எங்கேனும் ஒரு கொடுமை நடந்த செய்தி வரும்போது, குற்றவாளியின் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் பெயருடைய அண்டை வீட்டாரைச் சந்தேகக் கண்ணால் பார்க்கும் சபலம் எவருக்கும் ஏற்படக்கூடும். அந்தக் கணத்தில் 2019 பிப்ரவரி 16-ந் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது தோழர்களை இழந்த வீரர்கள் அன்று செய்ததை, ஒன்றையும் இழக்காத நாம் செய்யக்கூடாதா?

ரஞ்சன்குடிக் கோட்டையின் கில்லேதார் 1751-ல் இரு தரப்பாரிடமும் பேரம் பேசிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். ஊரில் துவேஷம் தலைதூக்கும்போது நல்லவர்கள் பலர் அவரைப்போலவே கதவைச் சாத்திக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம் என்று இருந்துவிடுகின்றனர். தேசத்துக்கு வேண்டியது அந்தக் கில்லேதாரின் சாமர்த்தியம் அன்று. கதவைத் திறந்து வீதிக்கு வரும் துணிவே வேண்டும். வி.களத்தூர் வீதியும், நம் ஒவ்வொருவர் ஊர் வீதியும் அந்தத் துணிவை எதிர்பார்த்து நிற்கின்றன.